காதருகே வைத்துப் பார்த்த மாவு

அப்போதெல்லாம் தருமபுரியில் நெய் பிஸ்கட்டுக்கு வீட்டிலேயே மாவு பிசைந்து, உருட்டித் தட்டில் அடுக்கி, பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்குவோம். அன்று சாயங்காலம் என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். பிஸ்கட் என் பொறுப்பு. கல்லாகிவிட்டால் என்ன செய்வது என்று பேக்கரி வரிசையில் நின்று பயந்துகொண்டிருந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு முஸ்லிம் அம்மா தன் பிஸ்கட் தட்டோடு நின்றிருந்தார். நல்ல உயரம், மூக்குக்கண்ணாடியில் மாவுத்தூள். திரும்பி என் தட்டிலிருந்து ஒரு துளி மாவைக் கிள்ளி, காதருகே வைத்து விரலால் நசுக்கினார்.

"என்னங்க கேக்குறீங்க?"

"சக்கரை நறநறங்குதான்னு பாத்தேன். சத்தமே இல்ல, நெய்யோட நல்லாத்தான் கொழைச்சிருக்கீங்க." பிறகு அதை இழுத்துப் பார்த்தார். ரப்பர் மாதிரி நீண்டது. "மைதா போட்டப்புறம் ரொம்ப நேரம் பெசஞ்சீங்களா?"

"பயமா இருந்துச்சுங்க. பெசஞ்சுக்கிட்டே இருந்தேன்."

"சப்பாத்தியா போடப்போறீங்க? மைதா போட்டா சும்மா சேத்து வுட்டுடணும்மா. இது கல்லாட்டம் வரும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண் பார்க்க வருவதைச் சொன்னேன். அவர் தன் தட்டை என் கையில் வைத்துவிட்டு என்னுடையதை வாங்கிக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரருக்குப் பல்லு கெட்டி. போங்க."

மாப்பிள்ளையின் அம்மா மூன்று பிஸ்கட் சாப்பிட்டார். கல்யாணமும் நடந்தது. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என் பிஸ்கட்டைக் கடித்து என்ன சொன்னாரோ, எனக்கு இன்றைக்கும் அதுதான் கவலை.