மூன்றாம் நாள் திருப்பித் தரும் பூதம்

காலை 7.10. மன்னார் பஸ் நிலையத்தில் ஓட்டோ பிடித்தேன். நறுவிலிக்குளத்துக்கு முந்நூறு ரூபாய். மெல்பேர்னில் என்னோடு வேலை செய்த ஆதிக்குடிப் பெண் ஒருத்தி, சதுப்பில் கிடந்து ஆட்களை இழுக்கும் பன்யிப் என்ற பூதத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாள். நம்மூர் நீர்ப்பூதங்களையும் எழுதிவிடலாமென்று கொப்பியோடு கிளம்பினேன். சண்டை நடக்கும் நாட்டில் பூதம் தேடிப் போன புத்திசாலி நான்.

7.40. ஆமிச் சோதனைச் சாவடியில் கொப்பியைத் தாள் தாளாகப் புரட்டினார்கள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை, விட்டார்கள்.

"உந்தக் குளத்துப் பூதம் போன மாசமும் ஒராளை இழுத்ததாம்," என்றார் ஓட்டோக்காரர் அந்தோனி. "கந்தோர்க் கடுதாசியிலயே எழுதிக் கிடக்காம். அந்தாளின்ர பெண்சாதியைக் கேளுங்கோ."

8.45. அந்தப் பெண் செல்வி. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், கூலி வேலை. பூதத்தைப் பற்றிக் கேட்டதும் முகம் கறுத்தது.

"நீங்களும் கையெழுத்துக் கேட்டுத்தான் வந்தீங்களா?"

குளத்துக்கு மாடு கழுவப் போன அவள் கணவன் மருதை திரும்பவில்லை. அன்று காலை அணைக்கட்டில் ஆமி லொறி நின்றதை அவளே பார்த்திருக்கிறாள். அரசாங்கக் கந்தோரிலோ, பூதம் இழுத்ததாக ஊரார் சொல்வதால் நீரில் மூழ்கி மரணம் என்று எழுதி நீட்டினார்களாம். கையெழுத்திட்டால் தேடுதல் அத்தோடு முடிந்தது.

"இந்தக் கொளத்துப் பூதம் ஆளப் புடிச்சா மூணா நாளு ஒடம்பத் திருப்பிக் குடுத்திரும். ஊருக்கே தெரியும். நாலு கிழமையா கரையில கெடக்கிறேன். அதுக்கு இருக்கிற நேர்மைகூட இவங்களுக்கு இல்லீங்க."

குளத்தில் இறங்கினேன். நடுவிலும் முழங்கால் நனையவில்லை. படித்த மனிதர் ஒருவர் கதிரையில் சாய்ந்திருந்து இதை எழுதியிருக்கிறாரே, கை கூசவில்லையா?

அவள் சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதினேன். கொழும்பில் வழக்கறிஞர் ஒருவரிடம் சேர்ப்பதாகச் சொன்னேன். அடியில் கையெழுத்திட்டாள். முதல் வரி பூதத்தைப் பற்றியது.

11.30. அதே சாவடி. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் கொப்பியைத் திறந்தான்.

"என்ன இது?"

"நறுவிலிக்குளத்துப் பூதக் கதை."

முதல் வரியை வாசித்துச் சிரித்தான். "பூதமா? சரி, போங்க."

மெல்பேர்னில் அந்த ஆதிக்குடியினர் பூதத்தைச் சொல்லிப் பிள்ளைகளை ஆழத்துக்குப் போகாமல் மறிப்பார்கள். இங்கே அதைச் சொல்லி மனைவிமாரின் வாயை அடைக்கிறார்கள். அன்று அதே பூதம்தான் எங்களைச் சாவடி தாண்டவிட்டது. அடுத்த வரியில் மருதையின் பெயரும் லொறி வந்த நேரமும் இருந்தன.