முதுகோடு முதுகாக ஒரு பாடம்

ஆறாம் வகுப்பில் என்னை ஓரிடத்தில் உட்கார வைப்பது யாராலும் ஆகாத காரியமாக இருந்தது. தண்ணீர் குடிக்க, சாக்பீஸ் எடுத்துவர, பக்கத்து வகுப்பில் டஸ்டர் வாங்க என்று எதையாவது சொல்லி எழுந்துகொண்டே இருப்பேன். திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, இரண்டு பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். ஒரு பக்கம் துணி பின்னும் மிஷின்களின் இரைச்சல், இன்னொரு பக்கம் அயர்னிங் ஆவி. நடுவில் நாங்கள் கோரஸாக இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தோம். டீச்சர் ஒரு வரி சொல்வார், நாங்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்குப் பாதி வரியிலேயே கால் துறுதுறுக்க ஆரம்பித்துவிடும்.

அந்த வருஷம் காங்கேயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் புது இங்கிலீஷ் டீச்சர் ஒருவர் சேர்ந்தார். மூன்றாம் வாரமே கோரஸை நிறுத்திவிட்டார். எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, முதுகோடு முதுகு ஒட்டித் தரையில் உட்கார வைத்தார். ஒருத்தியிடம் ஒரு படம் இருக்கும். அதை அவள் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவள் பார்க்காமல், கேட்டே வரைய வேண்டும். முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எந்த ஜோடியின் படம் அசலுக்குக் கிட்டத்தில் வந்திருக்கிறதோ அந்தப் பெயர்கள் போர்டில் ஏறும். வரைவதற்கான வெள்ளை அட்டைகளை நான்தான் கொண்டுபோவேன். பனியனுக்குள் வைத்து மடிக்கிற அட்டைகள் அவை. கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த அம்மா, ஓரம் மடங்கி ஒதுக்கியவற்றை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வருவாள்.

முதல் இரண்டு வாரமும் என் பெயரும் என் தோழி பெயரும்தான் போர்டில் இருந்தன. எங்கள் வெற்றியில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. "தேர் இஸ் எ ட்ரீ" என்று வகுப்புக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, "வலது பக்கம் போடு புள்ள, கெளையில ரெண்டு குருவி" என்று வாய்க்குள் முணுமுணுப்பேன். எல்லோரும் இப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். படங்கள் அழகாக வந்தன, இங்கிலீஷ்தான் வரவில்லை. ஒருநாள் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துவந்து என் பின்னாலேயே நின்றதை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் என்னைக் கடைசி வரிசையில் பூஜாவோடு உட்கார வைத்தார்.

பூஜா பீகாரிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கம்பெனிகளுக்கு வடக்கிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. பிள்ளைகளோடு வந்தவர்கள் குறைவு. அவளுடைய அப்பா ஒரு கம்பெனியில் டெய்லர். அவளுக்குத் தமிழில் தண்ணி, வா, போ என்று மூன்று வார்த்தைகள் தெரியும். எனக்கு இந்தியில் ஒன்றுமே தெரியாது. டீச்சருக்கு அதுதான் வேண்டியிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? செய்த திருட்டுக்குத் தண்டனை என்றே நினைத்தேன்.

"எனக்கு இவ வேண்டாங்க டீச்சர். நாஞ் சொல்றது ஒண்ணும் இவளுக்குப் புரியாதுங்க," என்றேன்.

"புரியற மாதிரி சொல்லு கண்ணு. அதுக்குத்தான இங்கிலீஷு," என்றார்.

முதல் நாள் அவள் சொன்ன குடை என் அட்டையில் காளானாக முளைத்தது. இரண்டாம் நாள் நான் சொன்ன ரயிலை அவள் வரிசையாக ஜன்னல் வைத்த ஒரு நீளக் கட்டடமாக வரைந்திருந்தாள். வகுப்பே சிரித்தது. என் பெயர் போர்டிலிருந்து அழிந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் டீக்கடை, துணி மூட்டை ஏற்றிய வண்டி, அதன் மேல் உட்கார்ந்திருக்கிற ஆள் என்று எதிர்ப்பட்டதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே நடந்தேன். பூஜாவிடம் கேட்க எனக்கு மூன்று கேள்விகள் போதும் என்று கண்டுபிடித்தேன். வேர், ஹௌ மெனி, பிக் ஆர் ஸ்மால். ஒரு வாரத்தில் காளான்கள் குடைகளாயின. உண்மையில் அவள் இங்கிலீஷ் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. ஊரில் ஏதோ சின்ன இங்கிலீஷ் பள்ளியில் படித்திருந்தாள். அதை நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போதுதான் மாதிரி வகுப்பு என்ற பேச்சு வந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்களும் ஓர் அதிகாரியும் எங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார்களாம். ஹெட்மாஸ்டருக்கு இந்த முதுகு விளையாட்டு பிடிக்கவில்லை. வகுப்பு சந்தைக்கடை மாதிரி இரைகிறது என்று அவரிடம் புகார் போயிருந்தது. அன்றைக்கு நல்லபடியாக வராவிட்டால் பழையபடி புத்தகத்தைத் திறந்து நடத்துங்கள் என்று அவர் வராந்தாவில் டீச்சரிடம் சொன்னதை, தண்ணீர் குடிக்கப் போன நான் கேட்டுவிட்டேன். பழையபடி என்றால் கோரஸ். அன்று முதல் பூஜாவை நான் நிம்மதியாகச் சாப்பிடக்கூட விடவில்லை.

டீச்சரும் அமைதியாக இருக்கவில்லை, பாடத்தை இன்னொரு தடவை மாற்றினார். அதுவரை இருந்த படங்களில் புகைபோக்கி வைத்த வீடும் பனியில் செய்த பொம்மையும்தான் இருந்தன. "அதெல்லாம் வேண்டாம். உங்க ஊட்டையே சொல்லுங்க. சாயந்தரம் ஆறு மணிக்கு யாரு என்ன பண்ணீட்டு இருக்காங்க, அது போதும்," என்றார்.

என் வீட்டை அவள் சுலபமாக வரைந்துவிட்டாள். அவள் வீட்டை நான் வரையும்போதுதான் தகராறு வந்தது. ஒரே அறை, ஒரு பல்பு. "மை பிரதர் இஸ் ஸ்லீப்பிங்," என்றாள். வரைந்தேன். "மை ஃபாதர் இஸ் குக்கிங்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காம்பவுண்டில் பன்னிரண்டு வீடு. ஒரு வீட்டிலும் அப்பா சமைத்து நான் பார்த்ததில்லை.

"ஃபாதர் நோ. மதர்," என்றேன்.

அவள் முதுகு என் முதுகிலிருந்து கொஞ்சம் விலகியது. பிறகு, "மை மதர் வாஸ் குக்கிங்," என்றாள்.

"வாஸ் இல்ல. இஸ். மை மதர் இஸ் குக்கிங்."

"வாஸ்," என்றாள் மறுபடியும்.

அந்தப் பாடத்தில் வாஸ் கிடையாது. அதிகாரி முன்னால் இவள் வாஸ் என்று சொன்னால் எல்லாம் கெட்டுவிடும். நான் திரும்பி உட்கார்ந்து, அவள் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பி, இஸ், இஸ் என்று தரையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், ஏதோ எட்டாத பொருளை எடுப்பவள் போல மெதுவாக, "மை மதர் இஸ் குக்கிங்," என்றாள்.

அதன் பிறகு நடந்தது எனக்கே ஆச்சரியம். மதியம் சாப்பிட்டதும் அவளாகவே வந்து "அகைன்?" என்பாள். பள்ளி விட்ட பிறகும் "அகைன்?" நான் கேட்பேன், அவள் சொல்வாள். அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள், எத்தனை வளையல், சேலை என்ன நிறம், முக்காடு எதுவரை வருகிறது. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று கூடிக்கொண்டே போனது. நான் நல்ல வாத்தியார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்காக எங்கள் வீட்டுக்கு வந்தாள். சிக்குப் பிடித்த அவள் தலையைப் பார்த்து அம்மா, "ஏங்கண்ணு, இந்தப் புள்ளைக்கு அம்மா இல்லீங்களாமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இருக்காங்கம்மா. ஊட்டுல சமையல் பண்ணீட்டு இருக்காங்க," என்றேன்.

"வேலைக்குப் போறவங்களாட்ட இருக்குது," என்று சொல்லிக்கொண்டே அம்மா அவளைப் பிடித்து உட்கார வைத்து, எண்ணெய் தடவிப் பின்னிவிட்டாள். பூஜா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கோ நேரம் வீணாகிறதே என்று பறந்தது.

மாதிரி வகுப்பு அன்று நாங்கள் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. படத்தைப் பார்த்த அதிகாரி, நாங்கள் பழகாத ஒரு கேள்வியைப் பூஜாவிடம் கேட்டார். "வாட் இஸ் ஷி குக்கிங்?" அதற்கு நான் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆனால் அவள் நிறுத்தவே இல்லை. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய் என்று இங்கிலீஷில் அடுக்கிக்கொண்டே போய், கடைசியில், "ஷி இஸ் காலிங் மீ," என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். ஹெட்மாஸ்டர்கூடத் தட்டினார். என் படத்தைச் சுவரில் ஒட்டினார்கள்.

மறுநாள் மதியம் பூஜாவின் அப்பா கம்பெனியிலிருந்து நேராக வந்தார், சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. மகள் சொல்லிப் படத்தைப் பார்க்க வந்திருக்கிறார். ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றார். டீச்சருக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். ஏதோ கேட்டார், அவர் இரண்டு வாக்கியத்தில் பதில் சொன்னார். டீச்சர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, படத்தைச் சுவரிலிருந்து கிழியாமல் பிரித்தெடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"டீச்சர், அது நான் வரைஞ்சதுங்க," என்றேன்.

"இன்னொண்ணு வரைஞ்சுக்கலாம் கண்ணு. இனிமே அவ வாஸ்னு சொன்னா திருத்தாத."

"அது தப்புங்களே டீச்சர்?"

"தப்பில்ல," என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து வீடுகள் பாடத்தில் இல்லை. பஸ் ஸ்டாண்டில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று வரையச் சொன்னார். நன்றாக வந்துகொண்டிருந்த ஒன்றை எதற்கு மாற்ற வேண்டும் என்று எனக்கு ஒரே ஆத்திரம். பூஜா மட்டும் அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை என்னிடம் வந்து "அகைன்?" என்று கேட்டாள். அந்தப் பாடம் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர்கள் திருப்பூருக்கு வருவதற்கு முந்தின மழைக்காலத்திலேயே அவளுடைய அம்மா இறந்துவிட்டாள் என்பது எனக்கு அடுத்த வருஷம்தான் தெரிந்தது. அதற்குள் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். பூஜாவின் அப்பா வந்துபோன அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் என் படம் பறிபோனது மட்டும்தான். சாயந்தரம் அம்மா வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, புது டீச்சருக்கு இலக்கணமே சரியாகத் தெரியாது என்று போய்ச் சொன்னேன்.