கறுப்புமண் சடக்கு

கோலசிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகும் வழியில், பெரிய ரோட்டைவிட்டு உள்ளே தள்ளிக் காட்டுமுனைத் தோட்டம் இருந்தது. ரப்பர்ப் பால்மரங்கள் எல்லாம் மேட்டில். மேட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே முக்கால் மைல் சதுப்பு. காலை வைத்தால் முழங்கால்வரை இழுக்கும் கறுப்பு மண். இலையும் வேரும் மட்கிக் கஞ்சியாய்க் கிடப்பது. அதன்மேல் ஓடிய சடக்கைப் போட்டவர் கான் மண்டோர் காளியண்ணன். சடக்கு என்றால் ரோடு, கான் என்றால் தோட்டத்து வாய்க்கால். கான் வெட்டும் எட்டுப் பேருக்கு அவர் தலை.

ஓமலூர்ப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் கேட்பவர் ஒத்துக்கொண்டாரா என்று நின்று பார்க்கமாட்டார். எழுதப் படிக்கத் தெரியாது. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

அந்தச் சடக்கை அவர் போட்டது 1937இல். அதற்குமுன் இரண்டு தடவை வேறு ஆட்கள் கல்லைக் கொட்டிப் பார்த்திருந்தார்கள். கொட்டக் கொட்ட உள்ளே போனது. மூன்றாவது தடவை காளியண்ணனை விட்டார்கள். கான் வெட்டும்போது அவருக்கு ஒரு கட்டை அகப்பட்டது. தோட்டம் வருவதற்கு முன்னால் சீனர்கள் மரம் இழுத்த பாதையில் கிடந்த கட்டை. கறுப்புத் தண்ணீருக்குள் கிடந்த பாதியில் கோடாலி துள்ளித் திரும்பியது. மேலே காற்றுப்பட்ட பாதியை விரலால் தட்டினால் மாவாய் உதிர்ந்தது. காளியண்ணன் அதை வீட்டுக்குத் தூக்கிவந்து வாசலில் போட்டு இரண்டு நாள் பார்த்தார். பிறகு பெரிய துரையிடம் போனார். பெரிய துரைக்கு நல்ல தமிழ் தெரியும்.

“தொரை, கல்லு வேணாம். கட்டைய மெத்த மாதிரி பரப்பி, மேல தழை, களிமண்ணு, கொஞ்சூண்டு செம்மண் கல்லு. அம்புட்டுத்தான். ரெண்டு பக்கமும் கான் வெட்டணும். ஆனா தண்ணிய வெளிய விடக்கூடாது. பலகை போட்டு நிறுத்தி வைக்கணும். கட்டை எப்பவும் தண்ணிக்குள்ளயே கெடக்கணும்.”

“வாய்க்கால் வெட்டுவது தண்ணீர் போவதற்குத்தானே, மண்டோர்?”

“இது நிக்கிறதுக்கு வெட்டுற கான், தொரை.”

துரை சிரித்துவிட்டுச் சரி என்றார். கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்திலிருந்து உப்புத்தண்ணீரில் வளரும் பாக்காவ் மரக் கம்புகள் வந்தன. காற்றடித்துச் சாய்ந்த பால்மரங்களை வழக்கம்போல் கொளுத்தாமல் துண்டு போட்டு அவற்றோடு பரப்பினார்கள். மேலே பாரம் குறைவாக இருந்ததால் சடக்கு மிதப்பதுபோல் நின்றது. லோரி போகும்போது ஓரத்தில் நின்றால் காலுக்கடியில் மெல்ல அசைவது தெரியும். ஆனால் உட்காரவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் யாரும் கவனிக்காமல் விட்டும் உட்காரவில்லை. காளியண்ணன் மட்டும் அந்த மூன்று வருடமும் வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பலகைகளைப் பார்த்துவிட்டு வருவார்.

1948இல், காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தபோது எல்லாம் மாறியது. லயங்களைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் காவல், மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே தலை காட்டக்கூடாது. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, வேலைக்குப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகவும் தடை. கான் வெட்டுகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலோடு போய் மதியம் கிறுகிறுத்துத் திரும்புவார்கள். பால் லோரி மட்டும் ஓடிய சடக்கில் போலீஸ் லோரியும் பட்டாளத்து வண்டிகளும் ஓடின.

1951 தொடக்கத்தில் பெரிய துரை ஊருக்கு நீண்ட லீவில் போனார். அவர் இடத்தில் சின்ன துரை உட்கார்ந்தார். பட்டாளத்தில் இருந்து வந்த இளைஞர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். தமிழில் ‘வா’, ‘போ’, ‘சீக்கிரம்’ மட்டும் தெரியும். கறுப்புமண் சடக்கைப் பார்த்தார். இரண்டு பக்கமும் கான் நிறையத் தண்ணீர், அதை அடைத்துப் பலகை. இவ்வளவு ஈரத்தில் கனத்த வண்டி எப்படி ஓடும்? பலகைகளை எடு, கானை இன்னும் இரண்டடி ஆழமாக வெட்டு, நிலம் காய்ந்தால் இறுகும். மார்ச் மாதம் ஒருநாள், ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி பெர்னாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த உத்தரவைப் போட்டார்.

காளியண்ணன் கையிலிருந்த சங்குலை, அந்த அகல மண்வெட்டியை, ஊன்றி நின்றார். “கிராணி ஐயா, தொரைகிட்ட சொல்லுங்க. தண்ணிய எறக்குனா இந்த மண்ணு சுருங்கிப்போகும். சடக்கு உக்காந்துரும். கட்டை காத்துப்பட்டு அழுகிரும். நான் மாட்டேங்கல. வேணாம்னு சொல்றேன்.”

பெர்னாட் துரைபக்கம் திரும்பி இங்கிலீஷில் நாலைந்து வார்த்தை பேசினார். துரை தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

“என்ன சொன்னாரு?”

“சொல்லிட்டேன் மண்டோர். கேக்க மாட்டேங்கிறார். வெட்டிருங்க.”

பெர்னாட் நாற்பது வயதுக்காரர். கடைசி இரண்டு பையன்களும் கிள்ளானில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கிராணி துரையிடம் எதிர்த்துப் பேசியதாக அந்த மாதம்தான் சீட்டைக் கிழித்து வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். எதிர்ப்பவர்களுக்குக் காட்டுக்காரர் ஆள் என்று பெயர் வைக்கும் காலம் அது. அன்று அவர் துரையிடம் சொன்னது இதுதான்: “மண்டோர் செய்துவிடுவார், சார். கூடுதலாக நான்கு ஆள் கேட்கிறார்.”

நான்கு ஆளும் வந்தார்கள். காளியண்ணனுக்கு அது ஏன் என்று விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி புஷ்பவள்ளியிடம், “கிராணி சொல்லித்தான் பாத்தாரு. தொரைக்குத் தலைக்கு ஏறல,” என்றார். மறுநாள் பலகைகளை உருவினார்கள். கறுப்புத் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது.

முதல் மாதம் துரை சொன்னதுதான் சரி என்று தோன்றியது. மண் காய்ந்து, சடக்கு இறுகி, வண்டிகள் தூசி பறக்கப் போயின. ஜூன் வெயிலில் ஓரத்தில் விரல் நுழைகிற வெடிப்பு விட்டது. ஜூலையில் கை நுழைந்தது. சடக்கு ஒருபக்கமாய்ச் சாய்ந்தது. பள்ளத்தில் கல்லைக் கொட்டச் சொன்னார்கள். கல்லின் பாரத்தில் இன்னும் உட்கார்ந்தது. காளியண்ணன் தினமும் போய்ப் பார்த்தார். சொல்லியாயிற்று, கேட்கவில்லை, இனி எத்தனை முறை சொல்வது என்று வாயை மூடிக்கொண்டார். அந்த வாய்மூடல்தான் பின்னால் அவருக்கு எதிராக நின்றது.

ஆகஸ்டில் ஒரு காலை, தோட்டத்துக்கு ரேஷன் அரிசி ஏற்றிவந்த போலீஸ் லோரியின் பின்சக்கரம் இறங்கியது. உள்ளே கட்டைகள் சடசடவென்று முறிந்தன. லோரி அப்படியே கானுக்குள் சாய்ந்தது. ஒரு காவலருக்குத் தொடை எலும்பு உடைந்தது. அரிசி மூட்டைகள் சதுப்பில், காட்டோரமாய்ச் சிதறிக் கிடந்தன. அரிசி, காடு, குழி வெட்டிய சடக்கு. விசாரிக்க வந்தவர்களுக்கு அந்த மூன்றும் சேர்ந்தால் வேறு கணக்கு. வெட்டியது யார்? கான் மண்டோர். மதியத்துக்குள் காளியண்ணனை ஜீப்பில் ஏற்றினார்கள். சங்குலைக்கூட யாரிடமும் கொடுக்க விடவில்லை.

ஸ்டேஷனில் அவரை அடிக்கவில்லை. உட்காரவைத்துக் கேட்டார்கள். மலாய் இன்ஸ்பெக்டர், நிதானமான மனிதர். ஒரு தமிழ்க் காவலர் மாற்றிச் சொல்ல, திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்.

“யார் சொல்லி வெட்டினாய்?”

“தொரை சொன்னாரு.”

“வெட்டினால் உட்காரும் என்று தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிந்தும் ஏன் வெட்டினாய்?”

“வேணாம்னு சொன்னேன். கிராணியும் தொரைகிட்ட எடுத்துச் சொன்னாரு. கேட்டுப் பாருங்க.”

துரையைக் கேட்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை. வெட்டச் சொன்னது நான்தான். ஆனால் மண்டோர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை, ஆள் வேண்டுமென்று கேட்டு வாங்கினான் என்றார். அதற்குமேல் கிராணியைக் கேட்க யாரும் போகவில்லை. தெரிந்தும் சொல்லாமல் வெட்டியவன் என்று ஆகிவிட்டது. அப்படிப்பட்டவனை வழக்கில்லாமலே வருடக்கணக்கில் உள்ளே வைக்க அப்போது சட்டம் இருந்தது.

எட்டாம் நாள் புஷ்பவள்ளி பால் வெட்டி முடித்து, வாளியைக் கழுவி வைத்துவிட்டு, நேரே கிராணி வீட்டுக்குப் போனாள். பெர்னாட்டின் மனைவி லில்லியன் கதவைத் திறந்தாள். பெர்னாட் சாப்பாட்டு மேசையில் இருந்தார். புஷ்பவள்ளி உள்ளே வரவில்லை.

“ஐயா, நான் சண்டைக்கு வரல. அன்னிக்கு நீங்க தொரைகிட்ட எடுத்துச் சொன்னதா இவரு வீட்டுல வந்து சொன்னாரு. உங்களுக்கு அவரு கடமைப்பட்டவரு. அதையே ஸ்டேஷன்ல வந்து ஒரு வார்த்த சொல்லிருங்கையா. ‘நான் சொன்னேன், தொரை கேக்கல’ன்னு. அம்புட்டுப் போதும்.”

பெர்னாட் எழுந்திருக்கவில்லை. “பாக்குறேன்மா,” என்றார்.

“அவரும் அங்க அதத்தான் சொல்லிட்டு இருக்காராம். கிராணியக் கேளுங்க, கிராணியக் கேளுங்கன்னு.”

அவள் போனபிறகு லில்லியன் கேட்டாள்: “போயி சொல்ல வேண்டியதுதானே? ஏன் பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

“நான் சொல்லல, லில்லி.”

“என்ன சொல்லல?”

“துரைகிட்ட. அவன் சொன்னத நான் சொல்லவே இல்ல.”

லில்லியன் தட்டை எடுத்தாள், மறுபடி வைத்தாள். “அந்தப் பொம்பள உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போறா,” என்றாள். பெர்னாட்டைத் தின்றதும் அதுதான். காளியண்ணன் அவரைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சாட்சிக்கு அவரையே கூப்பிட்டுக்கொண்டு ஒரு மனிதன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

மறுநாள் அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போனார். புஷ்பவள்ளி கேட்டபடி பொய் சொல்லியிருக்கலாம். அப்போது துரையின் சொல்லுக்கு எதிராகக் கிராணியின் சொல் என்று நின்றிருக்கும், தப்பித்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. “அவர் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். உட்காரும், அழுகும் என்று காரணமும் சொன்னார். நான் பயந்து மாற்றிச் சொல்லிவிட்டேன்,” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, “இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே,” என்றார். பெர்னாட் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

பதினோராம் நாள் காளியண்ணனை விட்டார்கள். வெளியே வரும்போதுதான் இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொன்னார். காளியண்ணன் படியிலேயே திரும்பினார். “நாலு ஆளு,” என்றார். அந்த நான்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

தோட்டத்து கேட்டில் புஷ்பவள்ளி காத்திருந்தாள். அவர் வீட்டுக்குப் போகவில்லை, சதுப்புக்குத்தான் போனார். வறண்ட கானுக்குள் இறங்கி, லோரி சாய்ந்த இடத்தில் ஒரு கட்டையை இழுத்துப் பார்த்தார். பதினான்கு வருடம் கல்லாய்க் கிடந்த கட்டை. மேல்பாதி கையோடு வந்தது.

“மொதல்ல சாப்பிட வாங்க,” என்றாள் புஷ்பவள்ளி.

“பலகைய எங்க போட்டாங்கன்னு தெரியுமா?”

“வெறகுக்கு எடுத்துட்டாங்க. வாங்க.”

அடுத்த மாதம் பெரிய துரை திரும்பிவந்தார். சின்ன துரை வேறு தோட்டத்துக்கு மாற்றிப் போனார். போகுமுன் காளியண்ணன் இருந்த இடத்துக்கு நடந்துவந்து கை நீட்டினார். காளியண்ணன் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். பெர்னாட்டை ஆபீஸிலிருந்து பால் கொட்டகைக்கு, நிறுவைக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. பையன்களில் ஒருவனைக் கிள்ளானிலிருந்து திரும்பக் கூட்டிக்கொண்டார்.

சடக்கைத் திருப்பிக் கட்ட நான்கு மாதமானது. காளியண்ணன் முதலில் கொட்டிய கல்லையெல்லாம் தோண்டி எடுக்கச் சொன்னார். அந்தக் கல் மேட்டுச் சடக்குக்குப் போனது. மறுநடவுக்காக வெட்டிச் சாய்த்திருந்த கிழட்டு மரங்களைக் கொளுத்தவிடாமல் கேட்டு வாங்கினார். அழுகாத கீழ்க்கட்டைகளை அசைக்காமல், மேலே புதிதாய்க் குறுக்கும் நெடுக்குமாய்ப் பரப்பி, பாக்காவ் கம்பால் ஓரம் கட்டினார். பிறகு புதுப் பலகை போட்டு, மழைத்தண்ணீர் மெல்ல ஏறும்வரை ஒரு வண்டியையும் விடவில்லை. சுருங்கிய மண் பழைய உயரத்துக்கு வரவில்லை. அது வராது என்று அவரே சொன்னார். போனது போனதுதான், சடக்கு ஒரு முழம் தாழ்ந்தே நின்றது. ஆனால் நின்றது. ஒரு கனத்த மழைக்குப்பின் கோலாலம்பூர் எஞ்சினியர் ஒருவர் வந்து பார்த்து, எத்தனை வருடம் தாங்கும் என்று மலாயில் கேட்டார். தண்ணீர் இருக்கிறவரை தாங்கும் என்று காளியண்ணன் மலாயிலேயே சொன்னார்.

மலாய் அதற்குமுன் அவருக்குக் கடைக்குப் போகிற அளவுதான். ஸ்டேஷனிலிருந்து வந்தபிறகு, கேட்டில் நின்ற காவல்காரரிடம் பேசிப் பேசி முனைந்து கற்றுக்கொண்டார். துரைமார் எல்லாருக்கும் மலாய் வரும். இனி நடுவில் ஆள் வேண்டாம் என்பது அவர் கணக்கு.

பெர்னாட்டோடு ஒரு வருடத்துக்குமேல் பேசவில்லை. ஒருநாள் பால் கொட்டகையில் புஷ்பவள்ளியின் வாளியை இறக்கிவைக்க வந்தபோது பெர்னாட்டே பேசினார்.

“மண்டோர், என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்.”

“நெனச்சேன் ஐயா. பதினோரு நாளு உள்ள வேற வேலை இல்ல லா. உங்கள நல்லவருன்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

பெர்னாட் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளிய வந்து வேற மாதிரி நெனச்சேன். அப்புறம், உள்ளதச் சொல்லுங்கன்னு யாரும் கேக்காம நீங்களா வந்து சொன்னீங்களே, அதையும் நெனச்சேன். எதுல நிக்கிறதுன்னு இன்னும் தெரியல.” வாளியை வைத்தார். “நிறுங்க.”

அதன்பிறகு பேச்சு இருந்தது. கோயில் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பலகாரம் போய்வந்தது. பழகினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நெருங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

1956இல் சுங்கை புரோங் பக்கம் ஒரு தோட்டத்தில் இதேமாதிரிச் சதுப்பில் சடக்குப் போட அவரை இரவல் கேட்டார்கள். ஆறு மாத வேலை. போன முதல் நாளே அங்கிருந்த துரையிடம், ஒரு மழையும் ஒரு வெயிலும் தண்ணீர் எதுவரை ஏறி இறங்குகிறது என்று பார்க்காமல் சங்குலைத் தொடமாட்டேன் என்று அவரே மலாயில் சொன்னார். அந்தத் துரை யோசித்து ஒத்துக்கொண்டார். ஆக, முதல் இரண்டு மாதம் காளியண்ணனுக்குக் கம்பு நட்டு அளப்பதைத் தவிர வேலை இல்லை. லோரிக்காரரிடம் புஷ்பவள்ளிக்குச் சொல்லியனுப்பினார்: இங்கே கொசு அதிகம், வேலை மெதுவாகத்தான் நடக்கும், முழுக்கைச் சட்டை இரண்டு கொடுத்துவிடு.