இத்தாலி மெஷினும் எங்கள் ஏற்றுமதியும்

ஏற்றுமதி மேலாளர் என்றால் கோட்டுப் போட்டவர் என்று நினைக்காதீர்கள். கப்பல் கிளம்பும்வரை ஓரிடத்தில் உட்கார முடியாதவர் என்று அர்த்தம். தொண்ணூறுகளில் படாளம் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையில் நானும் அப்படித் தவித்தேன். இதே வேலையில் வெந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

மெஷின் வந்தது

ஏற்றுமதி பெருகட்டும் என்று அரசாங்கம் வெளிநாட்டு மெஷினுக்கு வரியைக் குறைத்தது. ஆனால் சொன்ன வருஷத்துக்குள் சொன்ன அளவு சரக்கு அனுப்பியாக வேண்டும்; தவறினால் விட்ட வரியை வட்டியோடு கட்ட வேண்டும். கட்டினால் கம்பெனி தாங்காது, அங்கே தைத்துக்கொண்டிருந்த நாற்பது பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த பயம் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

இத்தாலியிலிருந்து நாலு தையல் மெஷின் வந்தது. பூஜை போட்டு ஸ்விட்சைத் தட்டினால் கரண்ட் இல்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த ராணி என்னைப் பார்த்தாள்.

"மெஷினுக்கு வரிய கொறச்சிட்டாங்க, கரண்ட்டுக்கு யார்கிட்ட சார் சொல்றது?"

பயிற்சி கொடுத்தோம்

அடுத்து அரசாங்கச் செலவில் ஆறு மாதப் பயிற்சி. கை நன்றாகப் பழகிய பிறகு, சான்றிதழ் வாங்கிய மறுவாரமே பத்துப் பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கோபத்தோடு அவர்களில் ஒருத்தி வீட்டு வாசலில் போய் நின்றேன். மோர் கொடுத்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்.

"நீங்க தொழில் கத்துக் குடுத்தீங்க சார், அவுங்க வூட்டாண்ட பஸ்ஸு வுடறாங்க."

கடைசிப் பெட்டி

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கடைசிப் பெட்டிகளைக் கட்டினோம். தோல் இத்தாலி, நூல் ஜெர்மனி, பக்கிள் தைவான். எல்லாம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர் சொன்ன இடத்திலிருந்து இறக்கியவை. ராணி பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அப்ப இதுல நம்முள்து இன்னா சார் போவுது?"

உங்கள் தையல்தான் என்றேன். சொல்லும்போதே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கப்பல் ஏறியது

பெட்டிகள் கப்பல் ஏறின, நிபந்தனை தீர்ந்தது, இருந்தவர்கள் வேலை தப்பியது. ஒரு நாளாவது நிம்மதியாக உட்காரலாம் என்று முதலாளி அறைக்குப் போனேன். அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் எட்டு மெஷினுக்கு எழுதிப் போட்டுட்டேன்யா, அதே நிபந்தனைதான்."

நாட்டின் ஏற்றுமதியைக் கூட்டத்தான் அத்தனை வருஷமும் ஓடினேன், ஆனால் ஒவ்வொரு தடவையும் இறக்குமதிதான் என்னை முந்திக்கொண்டு போனது.