அக்கா சிரித்தாளா?

உறிஞ்சுகுழலில் பண்டுங் என்கிற ரோஜாப்பால் தீரும்போது அடியில் ஒரு 'கொர்ர்ர்' கேட்குமே, என் அக்கா மலர் உண்மையிலேயே சிரித்தால் அவள் மூக்கிலிருந்து அதே சத்தம்தான் வரும். வாயைக் கையால் பொத்திக்கொண்டு 'ஹி ஹி' என்பதெல்லாம் ஊருக்காகச் சிரிப்பது. படிப்பு எனக்குப் பாதியில் நின்றுபோனாலும், அக்காவின் சிரிப்பில் யாராவது தேர்வு வைத்திருந்தால் இந்தத் தீவுக்கே நான்தான் முதல் மாணவன். அந்தக் 'கொர்ர்' என் சேட்டைக்கு மட்டும்தான் வரும் என்று பத்து வயதுவரை நம்பியிருந்தேன்.

அதில் மண்ணைப் போட வந்தவர், அக்காவின் அலுவலகத்தில் வேலை பார்த்த குமரன். அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். "சிரிக்க வைக்கிற ஆம்பளைய நம்பாதே" என்பது அம்மாவின் வாக்கு. எங்கள் அப்பா பிரமாதமாகச் சிரிக்க வைப்பாராம், பிறகு ஒருநாள் போனவர் திரும்பவில்லை. ஆகவே அக்காவும் குமரனும் தேக்கா கடைத்தெருவில் சாப்பிடச் சந்தித்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா என்னையும் கூடவே அனுப்பினார். "அவன் பேச்சுக்கு அக்கா எப்படிச் சிரிக்கிறான்னு பாத்து வந்து சொல்லுடா." எனக்கும் சொந்தக் கவலை இருந்தது: அவர் வீடு புக்கிட் பாஞ்சாங், எங்கள் தெம்பனிஸிலிருந்து தீவின் மறுகோடி.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, கண் இமைக்காமல் முறைத்தேன். அவர் அலுவலகக் கதைகளாக அவிழ்த்துவிட்டார். அக்கா வெறும் 'ஹி ஹி'. எனக்கு நிம்மதி.

"என்ன தம்பி, என்னையே பாக்கிறீங்க?"

"ஜோக்கு எப்ப வரும்னு பாக்கிறேன், அங்கிள்."

பாவம், பதற்றத்தில் அவர் கை இலை நுனியை நோண்டி நோண்டி, தன்னை அறியாமல் இலையை மடித்துவிட்டது. மடித்த இலைக்கு அந்தக் கடையில் ஒரே அர்த்தம்தான்; பரிமாறுபவர் வந்து, அப்போதுதான் வைத்த கோழி வறுவலோடும் உடையாத அப்பளத்தோடும் அதை அள்ளிக்கொண்டு போனார். குமரன் தடுக்கவில்லை. வெறும் மேசையைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே லா..."

'கொர்ர்ர்!'

கடையே திரும்பிப் பார்த்தது. அவரும் சிரித்தார், சத்தமே இல்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய. இருவருக்கும் நான் அங்கே இருப்பதே மறந்துபோயிற்று.

அம்மாவிடம் "சிரிக்கவே இல்ல" என்று சொல்லிவிடுவதென்று ரயிலில் முடிவு செய்தேன். கதவைத் திறந்ததும் அம்மா கேட்டார்: "அக்கா சிரிச்சாளா?" நான் வாயைத் திறப்பதற்குள், செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அக்கா, "இலைய... இலையத் தூக்கிட்டாங்கம்மா..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் உறுமிக்கொண்டே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவளையே வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை.

"அவங்க வீட்டுல பேச வரச் சொல்லு" என்றபடி அடுப்படிக்குப் போய்விட்டார்.

இப்போது தெம்பனிஸ் வீட்டில் அம்மா, நான், தொலைக்காட்சி. எப்போதாவது அக்காவும் குமரன் அத்தானும் சாப்பிட வருவார்கள். நடுவே அத்தான் ஒரு புருவத்தை உயர்த்துவார். ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார், அக்காவுக்குப் புரையேறும்.

"என்னக்கா?"

"சொன்னா உனக்குப் புரியாதுடா."

அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான். இருந்தாலும், எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்து வைக்கிறேன்.