அல்வேரனில் கடல் இல்லை

நான் பொய் சொன்னேன். நடக்க முடியாமல் கிடந்த என் நண்பனுக்கு, இல்லாத ஒரு கடலைச் சொல்லி, இருக்கிற கடலைக் கிடைக்காமல் செய்தேன். அவன் இப்போது உயிரோடு இல்லை. இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் ‘அல்வேரன்’ விளையாடியவராக இருக்கலாம். இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கணினியில் ஆடும் விளையாட்டு அது. மந்திரவாதிகளும் டிராகன்களும் வாழும் பெரிய நாடு. எங்கு வேண்டுமானாலும் போகலாம். மலை ஏறலாம், குதிரையில் காடு காடாகத் திரியலாம். கடலுக்குள் மட்டும் போக முடியாது. முழங்காலளவு நீரில் இறங்கியதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் தடுத்துவிடும். இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று அறிந்த நாள் முதல் இரசிகர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: கடலைத் திறந்துவிடுங்கள்!

அந்த இரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு தமிழ்க் குழு உண்டு. அதை நடத்துபவன் நான். மதுரங்குளியில் கைபேசிக் கடையொன்றில் வேலை செய்கிறேன். ஆங்கிலம் வாசிப்பேன். ஆங்கிலத்தில் வரும் செய்திகளைக் குழுவில் தமிழில் எழுதுவேன். நான் சொன்னால்தான் அது செய்தி. அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

அஸ்மி கடலோரத்துப் பள்ளிவாசல்துறைக்காரன். என்னோடு படித்தவன், பாதியில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போனவன். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்க ஆழத்துக்கு இறங்குவான். ஒருநாள் அடியில் வைத்துக் காற்று முடிந்துவிட்டது. ஆழத்திலிருந்து மெல்ல மெல்ல, ஆறுதலாகத்தான் மேலே வர வேண்டும். அவசரமாக வந்தால் உடம்பு தாங்காது. அவன் அவசரமாக வந்தான்... வேறென்ன செய்வான்! கூட வந்தவர்கள் அவனைப் போட்டில் தூக்கிப் போட்டபோது இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அதன்பிறகு அசையவே இல்லை.

கட்டிலோடு கிடந்தவனுக்கு என் பழைய கணினியைக் கொண்டுபோய் வைத்து அல்வேரனைப் பழக்கியவன் நான். அந்த ஒரு நன்மையையாவது என் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்... இல்லை, வேண்டாம்.

அவன் அந்த நாட்டை மூலை முடுக்கு விடாமல் சுற்றினான். எங்கே சுற்றினாலும் கடைசியில் கரைக்கு வந்துவிடுவான். நீரில் இறங்குவான். சுவர் தடுக்கும். மறுபடி இறங்குவான். அவன் மனைவி சிபானா பால் கலக்காத பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்று திரையைப் பார்த்துச் சிரிப்பாள்.

“மச்சான், நம்மட கடலுக்கு என்னை ஒருக்காக் கொண்டு போறியா?” என்று ஒரு பின்னேரம் கேட்டான். “போட்டுல படுக்கப் போட்டாலும் பரவால்ல. கைய மட்டும் தண்ணில விட்டுக்கொண்டு வாறன்.”

அவன் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். கட்டிலில் படுத்திருந்தாலே அலை கேட்கும்.

பார்ப்போம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அதற்கு முன்பு ஒரு தடவை அவனை முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தேன். வழியில் சிறுநீர்க் குழாய் கழன்று நான் உடுத்திருந்த சாரமெல்லாம் நனைந்துவிட்டது. அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். “ஒண்டுமில்ல மச்சான்” என்றேன். ஆனால் எனக்கு அருவருத்தது... சொல்லிவிட்டேன். அருவருத்தது! வீட்டுக்கு வந்து குளித்துக் குளித்தும் தீரவில்லை. அவனை இன்னொரு முறை தூக்க என் கைகள் கூசின. என்னோடு வளர்ந்தவன். ஒரே பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்றவன். அவனுக்கு என் கைகள் கூசின.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நானும் காற்று, மழை, கடையில் வேலை என்று சாட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் இரண்டாம் பாகத்தின் முன்னோட்டம் வெளிவந்தது. அதில் ஒரு கணம், கரையில் கட்டிய படகு ஒன்று தெரிந்து மறைந்தது. எங்கள் குழுவில் ஒரே ஆரவாரம்! படகு இருந்தால் கடல் இருக்கத்தானே வேண்டும்? ஆனால் கொஞ்ச நாளில், உருவாக்குகிறவர்களே ஒரு பேட்டியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். படகு அலங்காரத்துக்கு. கடலுக்குள் போக முடியாது.

அதைக் கடையில் இருந்தபடி வாசித்தேன். அன்று பின்னேரம் அஸ்மியிடம் போனேன்.

“என்னவாம் மச்சான்? கடல் ஈக்காமா?”

இல்லை என்று ஒரு சொல். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

“ஈக்கு மச்சான். அடிவரைக்கும் போகலாமாம்.”

விபத்துக்குப் பிறகு அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. கேள்விக்கு மேல் கேள்வி கேட்டான். சங்கு இருக்குமா? பாறைக்கு இடையில் புகுந்து போகலாமா? காற்று முடிகிற மாதிரி வைத்திருப்பார்களா? பிறகு திரையில் தெரிந்த கரையைப் பார்த்தபடி கேட்டான்:

“மேல வரக்கொள்ள... ஆறுதலா வரத் தேவல்லத்தானே?”

“தேவல்ல மச்சான். நினைச்ச பாட்டுக்கு வரலாம்.”

அதன்பிறகு அவன் எங்கள் கடலைக் கேட்கவில்லை. நான் விரும்பியது அதுதானே!

ஒரு பொய்யை நிற்கவைக்க எத்தனை முட்டு! பேட்டியைக் குழுவில் பகிர்ந்தவர்களின் பதிவுகளை அழித்தேன். ஏனென்று கேட்ட ஒருவரை நீக்கினேன். “அவங்க இரகசியமா வெச்சிருக்காங்க” என்று அஸ்மிக்குச் சொன்னேன். நீங்களும் அந்தக் குழுவில் இருந்து, கடல் வருமென்று நம்பியிருந்தால், உங்களையும் ஏமாற்றியவன் நான்தான்.

இதோடு முடிந்திருந்தால்கூட எங்கேயோ ஒரு மூலையில் எனக்கு ஆறுதல் மிஞ்சியிருக்கும். முடியவில்லை...

பாறூக் நானா என்னைத் தேடிக் கடைக்கே வந்தார். அஸ்மி தொழில் செய்த போட்டின் சொந்தக்காரர்; எங்களுக்கு அண்ணன் முறை.

“தம்பி, அஸ்மிய ஒரு நாளைக்குக் கடலுக்குக் கொண்டு போவமெண்டு பார்க்கிறம். நம்மட பொடியன்மார் கதிரையோட தூக்கிருவானுகள். நீங்க தூக்கத் தேவல்ல. என்ன செல்றீங்க?”

நான் தூக்கவும் தேவையில்லை! என் கைகள் அவனைத் தொடவும் தேவையில்லை! ஓம் என்று தலையாட்டியிருந்தால் போதும்.

“டொக்டர் உப்புக் காத்தும் தண்ணியும் ஆகாதெண்டிருக்காரு, நானா. படுத்துப் படுத்து முதுகுல புண் ஈக்குத்தானே...”

எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

ஏன் சொன்னேன்? எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு பின்னேரமும் அவன் வாசலைப் பார்த்தபடி கிடப்பான். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் “வந்திட்டான்!” என்பான். இந்த உலகத்தில் வேறெவரும் என்னை அப்படி எதிர்பார்த்ததில்லை. உண்மைக் கடலில் ஒருமுறை கைவைத்துவிட்டால், நான் வாயால் சொல்லும் கடலை அவன் எதற்குக் கேட்கப் போகிறான்? ஓம்... அந்தப் பயம். அவ்வளவு சின்ன மனிதன் நான்.

விளையாட்டு வரும் நாளைத் தள்ளிப்போட்டார்கள். பிறகு இன்னொரு தடவையும் தள்ளிப்போட்டார்கள். இதற்கிடையில் அஸ்மியின் முதுகுப் புண் உள்ளே இறங்கிவிட்டது. காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கேட்டான்:

“திகதி செல்லிட்டானுகளா?”

“கிட்டத்தான் மச்சான்.”

“கடல் ஈக்குத்தானே?”

“ஈக்கு.”

நான் அவனோடு கதைத்த கடைசி வார்த்தை அது.

அஸ்மியின் ஜனாஸாவை அடக்கிவிட்டுத் திரும்பும்போது பாறூக் நானா என் கையைப் பிடித்துக்கொண்டார். “டொக்டர் மட்டும் மறிக்காட்டி ஒரு நாளாவது கொண்டு போயிருப்பம், தம்பி. கிஸ்மத் இல்ல” என்றார். என் கை அவர் கைக்குள் இருந்தது. அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவுமில்லை, உண்மையைச் சொல்லவுமில்லை!

தொழுகையில் தவ்பாச் செய்து பாவமன்னிப்புக் கேட்காத நாளில்லை. அல்லாஹ் மன்னிக்கிறவன். ஆனால் அடியானுக்குச் செய்த அநியாயத்தை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும் என்று சிறுவயதிலேயே ஓதித் தந்திருக்கிறார்கள். எந்த அடியானிடம் போய்க் கேட்பேன்? கபுறுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன்... மண் என்ன பதில் சொல்லும்?

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலத்தை முடித்த பிறகு, சிபானா தன் உம்மாவோடு கடைக்கு வந்தாள். கணினியைத் திருப்பித் தர வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“நானா, அந்த கேம் வந்தா எனக்குச் செல்லுங்க” என்றாள். “எனக்கு விளையாடத் தெரியாது. அந்தக் கடல மட்டும் ஒருக்காக் காட்டுங்க. அவர் ஆசப்பட்டுக் கிடந்தத நான் கண்ணால பார்த்தாக் காணும், அது போதும்.”

ஓம் என்றேன்.

திகதியை இப்போது அறிவித்துவிட்டார்கள். குழுவில் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். நீங்களும் நாளை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு மட்டும் அந்த நாள் வரவே கூடாது.

அது வரும். சிபானா எனக்கு அருகில் கதிரையைப் போட்டு உட்காருவாள். விளையாட்டில் வரும் அந்த வீரனைக் கரைவரை நடத்திக்கொண்டுபோய் நான்தான் நீரில் இறக்க வேண்டும். முழங்காலளவில் அவன் நின்றுவிடும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பாள். அப்போதாவது உண்மையைச் சொல்வேனா? தெரியவில்லை... ‘கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள் தங்கச்சி’ என்ற அடுத்த பொய், நான் கூப்பிடாமலே வந்து என் நாவில் உட்கார்ந்திருக்கிறது.