இடுப்பில் துப்பாக்கியுடன் நின்ற மனிதர்

வேர்ஜீனியாவில் நோயுற்றிருந்த தன் தங்கையை என் மனைவி பதினோராண்டுகளாகக் கண்டதில்லை. விமானப் பயணம் அவள் காதுகளுக்கு ஆகாது. காரில் போகலாம் என்றேன்.

"அங்கை சனம் துவக்கோடை கடைக்கு வருமாம். நான் வரேல்லை."

கனடாவில், மில்லிக்கனில் எங்கள் வீட்டருகே உள்ள நூலகத்தில் மூன்று பிற்பகல்கள் அமர்ந்து, வழியிலுள்ள மாநிலங்களின் சட்டங்களைப் படித்தேன். நியூயோர்க்கில் துப்பாக்கியை வெளியே தெரியும்படி கொண்டுசெல்லலாகாது. பென்சில்வேனியாவில் பெரும்பாலான இடங்களில் அதற்கு அனுமதிப்பத்திரமே வேண்டியதில்லை. தாள்களை அவள் முன் விரித்தேன்.

"அங்கை அது சட்டம். கண்டாலும் பயப்படாதையும்."

"சட்டம் உங்கடை கடதாசியிலை கிடக்கட்டும். என்ரை நெஞ்சு உதைப் படிக்கேல்லையே! நான் பயந்தால் காரைத் திருப்புவீங்களோ?"

திருப்புவேன் என்று வாக்களித்த பின்னரே அவள் ஏறினாள்.

பென்சில்வேனியாவில் பெற்றோல் நிலையக் கடையொன்றில் கோப்பிக்காக வரிசையில் நின்றோம். எமக்கு முன்னே நின்றவரின் இடுப்பில் கைத்துப்பாக்கி. சட்டம் படித்த நானே ஓரடி பின்வாங்கினேன். அவர் திரும்பியதும் மனைவி கைப்பையைத் திறந்து, கடவுச்சீட்டின் படமுள்ள பக்கத்தை விரித்து, இரு கைகளாலும் அவரிடம் நீட்டினாள். ஊரில் போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் பழகிய கைகள் அவை.

அவர் திகைத்தார். எங்கள் ஊரில் துப்பாக்கி வைத்திருந்தோர் யாவரும் முதலில் அடையாள அட்டையையே கேட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். தொப்பியைக் கழற்றி அவளிடம் மன்னிப்புக் கேட்டார். வெளியே சென்று, துப்பாக்கியைத் தம் வாகனத்தினுள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, வரிசையின் கடைசியில் நின்றார். அப்படிச் செய்யும்படி நான் படித்த எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

காரில் ஏறியதும் வாக்கை நினைத்துக் கேட்டேன்: "திருப்பட்டோ?"

"ஏனப்பா திருப்புறியள்? அந்த மனுசன் எனக்காண்டி லைனிலை கடைசிக்குப் போனவர். காரை ஓடுங்கோ."

மாலையில் கதவைத் திறந்த தங்கை, சுவரைப் பிடித்தபடி, "அக்கா, நீ வரமாட்டாய் எண்டெல்லோ இருந்தனான்" என்றாள்.

கடையில் கண்ட அந்த மனிதரின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். என் நன்றியை இங்கே எழுதி வைக்கிறேன்.